மாலத்தீவுக் கால்வாய்களில் நீரோட்டத்தோடு டைவிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் வாங்கி, அமைதியான நீரில் சில டைவ்கள் முடித்துவிட்டு மாலத்தீவுக்குக் கிளம்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். அங்கே நல்ல டைவ்கள் பெரும்பாலும் ஓடும் நீரில்தான். அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிப்பதில்லை. எந்த ஆழத்தில் இருக்கிறோம், பாறையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்ற இரண்டு மட்டுமே டைவரின் கையில் இருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் பலவும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

டிரிஃப்ட் டைவ் என்றால் சரியாக என்ன?

நீரோட்டம் போகும் திசையிலேயே உடலை விட்டு, பாறையோரமாகப் போய், இறங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி மேலே வருவது. சாதாரண டைவில் நங்கூரம் போட்ட படகுக்கு நீங்கள் திரும்ப வேண்டும். இதில் படகு நங்கூரமே போடாது. உங்களைத் தேடி அது வரும். ஆகவே நீங்கள் எங்கே மேலே வருவீர்கள் என்பது படகோட்டிக்குத் தெரிந்தாக வேண்டும். மாலத்தீவின் டைவ் தோணிகளை ஓட்டுபவர்கள் நீரின் நிறத்தையும் மேற்பரப்புச் சலசலப்பையும் பார்த்தே ஓட்டத்தைக் கணிப்பவர்கள். கைடு சொல்வதைக் கேட்பது போலவே அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

மாலத்தீவில் மட்டும் ஏன் இவ்வளவு ஓட்டம்?

வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பவளத்தீவு வட்டங்கள் நடுக்கடலில் வேலி போட்டதுபோல் நிற்கின்றன. பருவக்காற்று தள்ளிவரும் பெருங்கடல் நீர் இந்த வேலியைத் தாண்டியாக வேண்டும். வழி விடுவது பெரும்பாலும் வட்டங்களின் விளிம்பில் உள்ள இடைவெளிகள்தான். இந்த இடைவெளிகளைத்தான் கால்வாய் என்கிறோம். உள்ளூரில் அவற்றின் பெயர்கள் 'கண்டு' என்று முடியும்: மியாரு கண்டு, ஃபொத்தெயோ கண்டு. அகலக் கடலில் மெதுவாக வரும் நீர் இந்தக் குறுகலான வாயில் நுழையும்போது வேகம் பிடிக்கிறது.

அதன்மேல் ஓதத்தின் ஏற்ற இறக்கமும் சேர்கிறது. மாலத்தீவில் கடல்மட்டம் உயர்ந்து தாழ்வது ஒரு மீட்டர் அளவுகூட வராது. ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே பெரிய வட்டம் முழுவதற்குமான நீர் அதே வாய்களின் வழியே போய்வர வேண்டியிருக்கிறது. பருவ ஓட்டமும் ஓத ஓட்டமும் ஒரே திசையில் சேரும்போது கால்வாய் பாயும். எதிரெதிராக வந்தால் அடங்கும். இதனால் ஒரே இடம் காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் இருக்கும்.

எந்த மாதம், எந்தப் பக்கம்?

டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம். பெருங்கடலின் தெளிந்த நீர் கிழக்குப் பக்கக் கால்வாய்கள் வழியே உள்ளே வரும். சுறாக்களையும் கழுகுத் திருக்கைகளையும் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் பருவத்தில் கிழக்கு வாய்களுக்குப் போவார்கள். உள்ளே மிதவை உயிரிகள் நிறைந்து கலங்கிய நீர் மேற்குப் பக்கமாக வெளியேறும். மாண்டாத் திருக்கைகள் அதைத் தேடி மேற்கில் கூடும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் எல்லாம் திரும்பிவிடும். பா வட்டத்தின் கிழக்கில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் அப்போதுதான் மாண்டாக்கள் கூடுகின்றன. அங்கே ஸ்நார்கெலிங்குக்கு மட்டுமே அனுமதி, டைவிங் கிடையாது.

அமாவாசை, பௌர்ணமிக்கு ஓட்டம் கூடுமா?

கூடும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஓதம் உச்சத்தில் இருக்கும். அஷ்டமியை ஒட்டியும் அடுத்த ஓரிரு நாளிலும் தணிந்திருக்கும். கால்வாய் டைவ் உங்களுக்குப் புதிது என்றால் பயணத் தேதியை அஷ்டமி, நவமி, தசமி பக்கம் அமைத்துக்கொள்வது நல்ல யோசனை. நம் கடற்கரை மீனவர்கள் வலை விடுவதற்குப் பார்க்கும் அதே கணக்குதான் இது.

ஓட்டத்தின் வேகத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

கடலில் வேகத்தை அளக்கும் அலகு நாட். ஒரு நாட் என்பது நிமிடத்துக்குச் சுமார் 31 மீட்டர். முழுக் கருவிகளுடன் இருக்கும் டைவர் அரை நாட் ஓட்டத்தை எதிர்த்துச் சிறிது நேரம் நீந்தலாம். ஒரு நாட் என்றால் உடனே மூச்சு வாங்கும். இரண்டு நாட் என்றால் நின்ற இடத்தில் நிற்கவே ஏதாவது ஒன்றைப் பிடித்தாக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் உடல்மேல் நீரின் இழுவிசை நான்கு மடங்காகும். நேற்று சமாளித்த ஓட்டத்தைவிட இன்று கொஞ்சம்தானே கூட என்ற கணக்கு அதனால்தான் ஏமாற்றும்.

ஓட்டம் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் என்ன வித்தியாசம்?

மிகப் பெரிய வித்தியாசம். உள்நோக்கிய ஓட்டத்தில் வெளிச்சுவரில் இறங்கி, கால்வாய் வாயின் விளிம்பில் நின்று பார்த்து, பிறகு வட்டத்துக்குள் மிதந்து போவீர்கள். நீர் தெளிவாக இருக்கும். எல்லை மீறிப் போனாலும் போய்ச் சேருவது அமைதியான உள்கடலில். வெளிநோக்கிய ஓட்டத்தில் நீர் கலங்கல். அது உங்களைத் திறந்த பெருங்கடலுக்குத் தள்ளும். வாயின் மூலையில் விளிம்பைத் தாண்டும் நீர் சுவரோடு கீழே விழவும் செய்யும். எனவே பல கைடுகள் வெளிநோக்கிய ஓட்டத்தில் கால்வாயைத் தவிர்த்து, உள்ளே இருக்கும் ஒரு 'திலா'வுக்கு, அதாவது நீருக்கடியில் தனியாக நிற்கும் பாறைக்கு, அழைத்துப் போவார்கள். அப்படி இடம் மாற்றும் கைடு உங்களை ஏமாற்றவில்லை, காப்பாற்றுகிறார். நல்ல கைடு யாரையும் இறக்கும் முன் தானே மாஸ்க், ஃபின் போட்டுக் குதித்து ஓட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று பார்த்துவிட்டு வருவார். அதைச் செய்யாமல் குதிக்கச் சொன்னால், பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

'நெகட்டிவ் என்ட்ரி' என்கிறார்களே, எப்படிச் செய்வது?

மேற்பரப்பில் மிதந்து நிற்காமல் குதித்த வேகத்திலேயே கீழே போவது. மேலே அரை நிமிடம் நின்றாலே பாறையைத் தவறவிட்டுவிடுவீர்கள். பாறையின் அருகில் அடியிலும் இடுக்கிலும் ஓட்டம் குறைவு. மேலே நடுநீரில்தான் அதிகம்.

படகிலேயே வேலையை முடித்துவிடுங்கள். மிதப்பைக் கூட்டிக் குறைக்க அணியும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யில் காற்று துளியும் இருக்கக் கூடாது: டம்ப் பட்டனை அழுத்திக்கொண்டே வாயால் உறிஞ்சி எடுங்கள். டேங்க் வால்வை முழுதாகத் திறந்து, பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்துச் சுவாசிக்கும் ரெகுலேட்டரில் நான்கைந்து முறை மூச்சு விடுங்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். மேலே மிதந்து சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு இந்த முறையில் கிடையாது என்பதால் இந்தச் சோதனை மிக முக்கியம். படகோட்டி எஞ்சினை நியூட்ரலில் போட்டபின், கைடின் ஒரே எண்ணிக்கையில் எல்லோரும் சேர்ந்து குதிக்க வேண்டும். சில விநாடி தாமதித்தாலே குழுவிலிருந்து தள்ளி விழுவீர்கள். தலை கீழாகத் திரும்பி, காதின் அழுத்தத்தைச் சமன் செய்துகொண்டே பாறையை நோக்கி இறங்கி, 5 மீட்டரில் உங்கள் ஜோடி டைவரை ஒரு முறை பாருங்கள்.

உடலோடு கட்டும் ஈய எடை போதாதவர்களுக்கு இது வராது. நுரையீரலில் காற்றைப் பிடித்துக்கொண்டு குதித்தாலும் வராது. குதித்தவுடன் முழு மூச்சையும் வெளியே விடுங்கள்.

காது திறக்கவில்லை என்றால்?

அழுத்திக்கொண்டு இறங்காதீர்கள். ஒன்றிரண்டு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அதற்குள் குழு தவறிவிட்டால் நீங்களும் உங்கள் ஜோடியும் சேர்ந்து மேலே வந்துவிட வேண்டும். படகு இன்னும் பக்கத்தில்தான் இருக்கும். சளி, மூக்கடைப்பு இருக்கும் நாளில் கால்வாய் டைவ் வேண்டாம்.

ஓட்டத்தில் போகும்போது வேகத்தையும் திசையையும் எப்படிக் கட்டுப்படுத்துவது?

வேகம் குறைய வேண்டுமானால் பாறைக்கு நெருக்கமாக, தாழ்வாகப் போங்கள். கூட வேண்டுமானால் சற்று மேலே, சற்று வெளியே வாருங்கள். முன்னால் ஒரு பாறைமேடு இருந்தால் அதன் பின்புறம் நீர் ஏறக்குறைய நின்றிருக்கும்; குழு அங்கே நின்று மூச்சு வாங்கலாம். பக்கவாட்டில் நகர வேண்டுமானால் ஓட்டத்துக்குக் குறுக்கே, மூலைவாட்டமாக நீந்துங்கள். நேர் எதிராக நீந்தினால் காற்றுதான் தீரும்.

குழு சிதறுவதற்குக் காரணமும் இதுவே. பாறையிலிருந்து ஒருவர் ஒரு மீட்டர், இன்னொருவர் ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் இருவரும் வெவ்வேறு வேகத்தில் போவார்கள். கைடு இருக்கும் அதே ஆழத்தில், அதே தூரத்தில் இருங்கள்.

ரீஃப் ஹூக் எப்படிப் பயன்படுத்துவது?

பலாவ் நாட்டின் புளூ கார்னரில் புகழ்பெற்ற கருவி இது: முனை மழுங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி, ஒன்றரை மீட்டர் அளவு கயிறு, மறுமுனையில் பி.சி.டி.யில் மாட்டும் கிளிப். கால்வாய் வாயில் நின்று சுறாக்களைப் பார்க்க இதுதான் வழி. கிளிப்பை நெஞ்சுக்குக் கீழே, நடுவில் உள்ள டி வளையத்தில் மாட்டுங்கள். தோள் வளையத்தில் மாட்டினால் உடல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

உயிரில்லாத பாறையின் இடுக்கைத் தேடுங்கள். பவளத்தில் மாட்டாதீர்கள்: பவளம் ஓர் ஆண்டில் சில சென்டிமீட்டர்தான் வளரும், கொக்கியின் ஓர் இழுப்பில் ஒரு கிளையே போய்விடும். கொக்கியை மாட்டிக் கையால் இழுத்து உறுதி பார்த்தபின் மெதுவாகக் கயிற்றை விடுங்கள். ஓட்டத்தைப் பார்த்தபடி பி.சி.டி.யில் சிறிது காற்று விட்டால், காற்றில் நிற்கும் பட்டம்போல் பாறைக்கு மேலே நிற்பீர்கள். முழங்காலோ ஃபினோ கீழே படாது. அதன்பின் கால் அடிக்கவே தேவையில்லை. அடித்துக்கொண்டிருந்தால் ஹூக் போட்ட பயனே போய்விட்டது.

வேகமான நீரில் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் மாஸ்க் பிடுங்கிக்கொண்டு போகும். திரும்பத்தான் வேண்டும் என்றால் ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்நீர் ரெகுலேட்டரின் முன்புறமுள்ள பர்ஜ் பட்டனை அழுத்திக் காற்று தானாகக் கொட்டத் தொடங்கினால் முகத்தைச் சற்றுக் குனியுங்கள், நின்றுவிடும். தொங்கும் ஆக்டோபஸுக்கும், அதாவது உதிரி ரெகுலேட்டருக்கும், இது நடக்கும் என்பதால் அதை உடலோடு ஒட்டி மாட்டி வையுங்கள்.

கழற்றும்போதுதான் தவறு நடக்கிறது. முதலில் பி.சி.டி.யில் விட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு கயிற்றைப் பிடித்து முன்னேறிக் கொக்கியைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால், கொக்கி விட்ட கணமே பலூன் மாதிரி மேலே போவீர்கள். கொக்கி சிக்கிக்கொண்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். காற்றை வெளியேற்றிவிட்டு உடல் பக்கத்துக் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். போகட்டும்.

எல்லா ஊரிலும் ஒரே விதி என்று நினைக்காதீர்கள். டிரிஃப்ட் டைவுக்குப் பெயர்போன மெக்சிகோவின் கோசுமெல் கடற்பூங்காவில் கையுறைக்கே தடை. அங்கே எதையும் பிடிக்காமல் மிதந்தே போக வேண்டும்.

சுறாக்கள் ஏன் அந்த விளிம்பிலேயே நிற்கின்றன?

சுவரில் மோதும் நீர் மேல்நோக்கி எழும்பும். அந்த எழுச்சியில் மிதந்தபடி அவை உழைப்பைக் குறைத்துக்கொள்கின்றன. பிரெஞ்சு பாலினீசியாவின் ஃபகராவா கால்வாயில் சாம்பல் பாறைச் சுறாக்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இதனால் அவற்றுக்குப் பத்து முதல் பதினைந்து சதவீத ஆற்றல் மிச்சமாவதாகக் கணக்கிட்டது. அவை நிற்கும் வரிசைக்கு முன்னால் டைவர் நீந்திப் போனால் கூட்டம் கலைந்து வெளியே போய்விடும், பின்னால் வந்த எல்லோருக்கும் காட்சி போச்சு. விளிம்புக்குப் பின்னால் தாழ்வாக நின்றால் அவையே நெருங்கி வரும். மாலத்தீவு 2010இல் நாடு முழுவதும் சுறா வேட்டையைத் தடை செய்தது. இன்று அங்கே இத்தனை சுறாக்களைப் பார்க்க முடிவதில் அந்தத் தடைக்குப் பெரும் பங்குண்டு.

காற்று எவ்வளவு நேரம் வரும்?

டேங்கின் காற்றழுத்தத்தை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள். 12 லிட்டர் டேங்கில் 200 பார் என்றால் 2400 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தம் என்பதால் 80 லிட்டர் எடுப்பார். 100 பார் செலவாக 15 நிமிடம். அதே ஆள் ஓட்டத்தை எதிர்த்துக் கால் அடித்து மூச்சு இரைத்தால் மேற்பரப்புக் கணக்கே 40 லிட்டராகும். அதே 100 பார் ஏழரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

குழுவில் யாராவது ஒருவருக்கு 100 பார் ஆனதும், அல்லது யாருடைய டைவ் கம்ப்யூட்டரிலாவது டீகம்ப்ரஷன் இல்லாத நேரம் (ஏறும் வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர முடிகிற நேரம்) 5 நிமிடத்துக்கு வந்ததும் எல்லோரும் ஹூக்கைக் கழற்ற வேண்டும் என்று குதிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மேலே வரும்போது டேங்கில் 50 பாராவது மிச்சம் இருக்கட்டும். மூச்சு இரைக்கத் தொடங்கினால் எதையும் துரத்தாமல் ஒரு பாறையின் பின்னால் ஒதுங்கி, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள்.

நைட்ராக்ஸ் தேவையா?

உதவும். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று. 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸுக்கு, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பார் என்ற வரம்பில், எல்லை சுமார் 33 மீட்டர். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்குச் சட்டப்படி எல்லை 30 மீட்டர். இரண்டும் பொருந்துகின்றன. 30 மீட்டரில் சாதாரணக் காற்றில் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் டீகம்ப்ரஷன் இல்லாத நேரம் கணிசமாகக் கூடும். 36 சதவீதக் கலவை 29 மீட்டரை எட்டுவதற்குள்ளேயே எல்லை தொட்டுவிடும், ஆகவே இங்கே வேண்டாம். எதுவானாலும் டேங்கை நீங்களே அளந்து கம்ப்யூட்டரில் பதியுங்கள்.

கீழே இழுக்கும் ஓட்டத்தில் மாட்டினால்?

முன்கூட்டியே தெரிந்துகொள்ள அடையாளங்கள் உண்டு. உங்கள் மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ போகும். முன்னால் உள்ள மீன்கள் தலையை மேலே தூக்கி நீந்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் அந்த மூலைக்குப் போகாமல் திரும்பிவிடுங்கள்.

மாட்டிவிட்டால் முதல் வேலை பாறையை ஒட்டிப் போவது. கையால் பிடித்துக்கொண்டு, அங்கே குறைவாக இருக்கும் ஓட்டத்தில் கைமாற்றிக் கைமாற்றி ஏறுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இந்த ஒரு நேரத்தில் பவளத்தைத் தொடுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் பாறை இல்லையென்றால் சுவரிலிருந்து விலகி வெளிக்கடல் பக்கம் கிடைமட்டமாக நீந்துங்கள். கீழே விழும் நீர் பெரும்பாலும் சுவரை ஒட்டிய குறுகிய பட்டைதான். வெளியே வந்தால் விட்டுவிடும். நேர் மேலே கால் அடிப்பது வீண்: அந்த நீரின் வேகம் உங்கள் வேகத்தைவிட அதிகம்.

ஆழம் கூடிக்கொண்டே போனால் பி.சி.டி.க்குள் காற்று செலுத்துங்கள். அப்போது ஒரு கை பி.சி.டி.யின் காற்றைக் கூட்டிக் குறைக்கும் இன்ஃப்ளேட்டரிலும் கண் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். ஓட்டம் விட்ட கணத்தில் அந்தக் காற்று உங்களை மேலே வீசும். உடனே வெளியேற்றாவிட்டால் ஓர் ஆபத்திலிருந்து இன்னொன்றில் விழுவீர்கள். எதுவும் பலிக்காதபோது மட்டுமே எடையைக் கழற்ற வேண்டும்.

குழுவைத் தவறவிட்டால்?

ஒரு நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, படகுக்கு அடையாளம் காட்டும் காற்று மிதவையை மேலே அனுப்பிவிட்டு நீங்களும் மேலே வாருங்கள். அவர்களும் அதையே செய்வார்கள்.

மிதவையை நீருக்குள்ளிருந்து விடுவது எப்படி?

இது தெரியாதவர் கால்வாயில் இறங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒன்று வேண்டும்: ஒன்றரை மீட்டருக்குக் குறையாத ஆரஞ்சு அல்லது மஞ்சள் மிதவை, 15 முதல் 30 மீட்டர் கயிறு சுற்றிய ஸ்பூல் என்ற உருளை.

8 மீட்டர் ஆழத்துக்கு வந்தபின் தொடங்குங்கள். மேலே படகு எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். மிதவையை விரித்து, ஸ்பூலை உடலிலிருந்து தள்ளி ஒரு கையில் தளர்வாகப் பிடியுங்கள். ஸ்பூலையோ கயிற்றையோ பி.சி.டி.யில் ஒருபோதும் மாட்டாதீர்கள். கயிறு சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். ஆக்டோபஸாலோ வெளிவிடும் மூச்சாலோ காற்றை நிரப்புங்கள். 10 மீட்டரில் பாதி நிரப்பினாலே மேலே போகும்போது அது விரிந்து முழுதாகிவிடும். 5 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் மிதவையை விட்டுவிடுங்கள். ஸ்பூல் சுழலாமல் சிக்கியதென்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

மேலே போனபின் கயிற்றை இறுக்கமாக வைத்திருந்தால்தான் மிதவை நிமிர்ந்து நிற்கும். தளர்ந்தால் படுத்துக்கொள்ளும், அலைக்கு நடுவே படகோட்டிக்குத் தெரியாது.

மேலே வந்தபின் படகு தெரியவில்லை என்றால்?

பி.சி.டி.யை நிரப்பி, எடையைக் கழற்றிவிட்டு, எல்லோரும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கரையை நோக்கி ஓட்டத்துக்கு எதிராக நீந்திக் களைத்துப்போகாதீர்கள். மிதவையை உயர்த்திப் பிடியுங்கள். விசில், கண்ணாடி, டார்ச் மூன்றும் பையில் இருக்கட்டும். பகலிலும் டார்ச் எடுத்துப் போகச் சொல்வதற்குக் காரணம் மாலை டைவ்தான்: மாலத்தீவில் மாலை ஆறு மணியைச் சுற்றிச் சூரியன் மறைந்ததும் சட்டென்று இருட்டிவிடும். ஜி.பி.எஸ். அவசரக் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

படகில் ஏறும்போது என்ன கவனிக்க வேண்டும்?

படகு உங்களிடம் வரட்டும். நீங்கள் அதன் பின்பக்கம் போகாதீர்கள், புரொப்பெல்லர் அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் நியூட்ரலுக்கு வந்து கை காட்டிய பின்பே ஏணியை நெருங்குங்கள். மாஸ்க்கும் ரெகுலேட்டரும் முகத்திலேயே இருக்கட்டும். ஏணியை ஒரு கையால் பிடித்தபின்தான் ஃபின்னைக் கழற்ற வேண்டும். ஏறிக்கொண்டிருப்பவருக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்: அவர் வழுக்கினால் டேங்கோடு உங்கள் தலையில் விழுவார்.

எவ்வளவு அனுபவம் வேண்டும்?

அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் என்ற அடுத்த நிலைச் சான்றிதழும் 30 முதல் 50 டைவ்களும் பல மையங்கள் கேட்பவை. எண்ணிக்கையைவிட நாங்கள் பார்ப்பது: 5 மீட்டரில் எதையும் பிடிக்காமல் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க முடியுமா, மிதவையை விட முடியுமா, காற்றில்லாத பி.சி.டி.யுடன் பதற்றமில்லாமல் இறங்க முடியுமா. மூன்றையும் புதுச்சேரியிலோ அந்தமானிலோ கிளம்பும் முன்பே பழகிக்கொள்ளலாம். முதல் நாளே கால்வாய் வாய்க்குப் போகாமல், மெதுவான ஓட்டமுள்ள பாறையோர டைவ் ஒன்று கேட்டு வாங்குங்கள். கேமராவை முதல் சில கால்வாய் டைவ்களில் படகிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு கையும் தேவைப்படும்.

டைவ் முடித்து எப்போது விமானம் ஏறலாம்?

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மாலேயிலிருந்து சென்னைக்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் பறந்துவிடலாம் என்பதால் கடைசி நாள் காலையிலும் ஒரு டைவ் போகலாமே என்று பலருக்கும் தோன்றும். பறக்கும் நேரம் குறைவு என்பது இதில் கணக்கே இல்லை, கேபினின் அழுத்தம்தான் கணக்கு. மூட்டுவலி, தோலில் திட்டு, மரமரப்பு, அசாதாரணச் சோர்வு எது வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட்டு, தூய ஆக்சிஜன் கேட்டு வாங்கி, உடனே டைவ் மையத்திடம் சொல்லுங்கள். மாலேவுக்கு அருகில் பண்டோஸ் தீவில் அழுத்தச் சிகிச்சை அறை இருக்கிறது. அதன் செலவு பெரிது. டைவிங்கை உள்ளடக்கிய காப்பீடு இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் டைவிங் விலக்கப்பட்டிருக்கும்.